நாஞ்சில்நாட்டு நெல் எங்கே போச்சு? பொருளாதார ஆலோசகர்களின் பழைய கடிதங்களைத் தேடிப் படிக்கும் வழி

என் ஆச்சிக்கு ஊர் நாஞ்சில்நாட்டில் பூதப்பாண்டிப் பக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "வயலு வீட்டு முன்னால கெடக்கு மக்களே, ஆனா நாங்க தின்னது மரச்சீனியும் காணமும்." மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு, காணம் என்றால் கொள்ளு. நெல் எங்கே போச்சு என்று கேட்டால், சர்க்கார் அளந்து கொண்டுபோச்சு என்பாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. அந்த சர்க்கார் யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் திவானா, மதராஸா, தில்லியா? யார் யாருக்கு எழுதி, யார் சொன்ன யோசனையின்பேரில் தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் களத்து நெல்லுக்குக் கணக்குக் கேட்டார்கள்? அதைத் தேடிப் போனபோதுதான் அரசாங்கப் பொருளாதார ஆலோசகர்களின் கடிதங்களும் குறிப்புகளும் ஆவணக் காப்பகங்களில் மலைபோலக் கிடப்பது தெரிந்தது. பேராசிரியராகவோ ஆராய்ச்சி மாணவராகவோ இல்லாத, நம் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாதாரண ஆள் ஒருவர் அதை எப்படித் தேடிப் படிக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, யார் எப்போது ஆலோசகராக இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. இந்திய அரசாங்கத்தில் பொருளாதார ஆலோசகர் பதவி 1938-ல் வந்தது. முதலில் அமர்ந்தவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பேராசிரியராக இருந்த தியோடர் கிரெகரி. 1946 வரை அவர்தான். இன்றைக்கும் செய்தியில் வருகிற மொத்த விலைக் குறியீட்டெண் அவர் காலத்தில், 1942 ஜனவரியில், அந்த அலுவலகத்திலிருந்துதான் வெளிவரத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு நிதி அமைச்சகத்தில் தலைமைப் பொருளாதார ஆலோசகர் என்று ஆனது. ஜே.ஜே. அஞ்சாரியா, ஐ.ஜி. படேல், அசோக் மித்ரா, 1972 முதல் 1976 வரை மன்மோகன் சிங் என்று வரிசை போகிறது. வெளிநாட்டிலிருந்து வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. 1955-ல் மில்டன் ஃப்ரீட்மன், 1956-ல் நிக்கலஸ் கால்டர். புள்ளியியல் பக்கம் மகலனோபிஸ் தனி உலகம்.

சரி, பட்டியல் கையில் இருக்கிறது. இப்போது எல்லோரும் செய்கிற தவறை நானும் செய்தேன். ஆலோசகரின் பெயரைப் போட்டுத் தேடினேன். இரண்டு நாள் போனது. கிடைத்ததில் பெரும்பகுதி அவருடைய நியமனம், சம்பளம், விடுப்பு, பயணப்படி. காரணம் எளியது. அரசாங்க அலுவலகத்தில் கோப்பு ஆளின் பெயரில் திறக்கப்படுவதில்லை, விஷயத்தின் பெயரில் திறக்கப்படுகிறது. ஆலோசகர் அரிசியைப் பற்றி எழுதிய கடிதம் அரிசிக் கோப்புக்குள் இருக்கும், பருத்தி பற்றியது பருத்திக் கோப்புக்குள். அதனால் விஷயத்தைத் தேடுங்கள், கடிதம் போய்ச் சேர்ந்த இடத்தைத் தேடுங்கள். கையெழுத்துப் போட்ட அசல் பெற்றவரின் அலுவலகத்தில் இருக்கும், அனுப்பியவரிடம் இருப்பது அலுவலக நகல் மட்டும்தான். ஒன்று அழிந்தாலும் இன்னொன்று பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. பதில் அநேகமாக வேறொரு ஊரில்தான் கிடக்கும். பதிலைத் தேடாமல் கடிதத்தை மட்டும் வைத்து "ஆலோசகர் இப்படிச் செய்தார்" என்று எழுதிவிடாதீர்கள். ஆலோசகர் யோசனைதான் சொன்னார், முடிவெடுத்தவர் வேறொருவர். அந்த வேறொருவர் என்ன பதில் எழுதினார் என்பதில்தான் ஆச்சியின் நெல் இருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். 1949 ஜூலை 1 வரை நாம் திருவிதாங்கூர். அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தன. நாம் இந்தப் பக்கம் வந்துவிட்டோம், காகிதமெல்லாம் நம்மோடு வரவில்லை. 1942-ல் நாகர்கோயிலில் நடந்ததைப் படிக்கச் சென்னைக்கு ரயில் ஏறினால் ஏமாற்றம்தான். திருவனந்தபுரம் போக வேண்டும். கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் இயக்குநரகம் அந்த ஊரில் நளந்தா என்ற இடத்தில் இருக்கிறது, கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் சென்ட்ரல் ஆர்க்கைவ்ஸ் இருக்கிறது. ஓலைச் சுருணைகள் (ஓலைக் கட்டுகள்) மாதிரியான மிகப் பழையவை கோட்டைக்குள் இருப்பவை. உங்கள் காலத்துக் கோப்பு இரண்டில் எங்கே என்று கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், ஒரு நாள் மிச்சம். நாகர்கோயில் சந்திப்பில் காலை ரயில் பிடித்தால் இரணியல், குழித்துறை, பாறசாலை தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் அங்கே இருக்கலாம். சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம், அறை எடுக்க வேண்டியதில்லை. தில்லியோ சென்னையோ போகிறவர்களுக்கு இல்லாத சௌகரியம் இது, நம் ஆட்கள் இதைப் பயன்படுத்துவதே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் வேண்டும்தான், வேறு காரணத்துக்காக. அந்தக் காலத்தில் ஆரல்வாய்மொழி இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே எல்லை. அந்தப் பக்கம் திருநெல்வேலி ஜில்லா, மதராஸ் மாகாணம். எல்லை தாண்டிப் போகிற, வருகிற தானியம் பற்றித் திருநெல்வேலி கலெக்டரும் மதராஸ் அரசாங்கமும் எழுதியதை அங்கேதான் தேட வேண்டும். 1956-க்குப் பிந்தைய நம் மாவட்டக் கோப்புகளுக்கு எழும்பூரும் நாகர்கோயில் கலெக்டர் ஆபீஸ் பதிவறையும்.

தில்லி எழுதிய கடிதம் நேராகத் திவான் மேசைக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். திருவிதாங்கூர் சமஸ்தானம் என்பதால் வழக்கமாக ரெசிடென்ட், அதாவது சமஸ்தானத்துக்கான பிரிட்டிஷ் பிரதிநிதி, வழியாகத்தான் கடிதப் போக்குவரத்து. ஆகவே ஒரே விஷயம் தில்லித் துறையின் கோப்பில் ஒரு முறை, சமஸ்தானங்களைக் கவனித்த அரசியல் துறைக் கோப்பில் ஒரு முறை, ரெசிடென்ட் அலுவலகத்தில் ஒரு முறை, திவான் அலுவலகத்தில் ஒரு முறை என்று நாலு இடத்தில் தடம் விட்டிருக்கும். தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் இரண்டும் கிடைக்கும். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் என்ற தொகுப்பில் பொருளாதாரத் துறை, நிதித் துறை, சமஸ்தான ரெசிடென்சிகள் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. லண்டன் போக வேண்டாம், என்ன இருக்கிறது என்று பட்டியலை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். அந்தத் தலைப்பே இந்தியாவில் எந்தத் துறையைத் தேட வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

வீட்டிலிருந்தே தொடங்க விரும்புகிறவர்களுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளம் இருக்கிறது. பெயர் பதிவு செய்துகொண்டால் ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளை முழுசாகவே படிக்கலாம். பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பதால் எழுத்துக்கூட்டல்தான் தலைவலி. நாஞ்சில்நாட்டை வெள்ளைக்காரர்கள் நாஞ்சநாட், நாஞ்சிநாட் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கன்னியாகுமரி அவர்களுக்கு கேப் கொமொரின். கோட்டாறுக்கு ஒரு டி போட்டும் வரும், இரண்டு டி போட்டும் வரும். எல்லா வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். அப்புறம் துறையின் பெயர் மாறுவதைக் கவனியுங்கள். தில்லியில் உணவுக்கென்று தனித் துறை வந்ததே 1942 டிசம்பரில். அதற்கு முந்தைய மாதங்களின் அரிசி விவகாரம் மற்ற துறைகளின் கோப்புகளுக்குள் கலந்து கிடக்கும். உணவுத் துறை என்று மட்டும் தேடினால் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த 1942 மார்ச்சும், பர்மா அரிசி நின்றுபோன அடுத்த மாதங்களும் உங்கள் வலையில் விழவே விழாது. திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து கப்பலில் வந்தது என்பதை நினைத்தால், அந்த மாதங்கள் எவ்வளவு முக்கியம் என்று புரியும். நாஞ்சில்நாடு அந்தச் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். கப்பல் நின்றதும் எல்லாக் கண்ணும் நம் களத்துப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை.

கிரெகரி இந்த இடத்தில்தான் நேரடியாக உள்ளே வருகிறார். 1943-ல் உணவு தானியக் கொள்கைக் குழு என்று ஒன்றை தில்லி அமைத்தது, தலைவர் அவர். ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் பங்கீடு கொண்டுவர வேண்டும், மத்திய அரசு ஐந்து லட்சம் டன் தானியத்தைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அந்தக் குழு சொன்னது. அறிக்கை அச்சில் உண்டு. முதலில் அதைப் படித்துவிட்டு, பிறகு கோப்புகளுக்குப் போங்கள். இது எல்லா ஆலோசகருக்கும் பொருந்தும். அச்சான அறிக்கை வரைபடம் மாதிரி. அது இல்லாமல் கட்டுக் கட்டாகக் காகிதத்துக்குள் இறங்கினால் எது புதுச் செய்தி, எது ஊரறிந்தது என்றே தெரியாது.

இப்போது கோப்பு கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பாதி. ஒன்று குறிப்புக் கோப்பு, மற்றது நடப்புக் கோப்பு. வந்த கடிதமும் போன கடிதமும் நடப்பில் இருக்கும். அதைப் பார்த்து அதிகாரிகள் ஒருவர் கீழ் ஒருவராக எழுதிய அபிப்பிராயம் குறிப்பில் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் நடப்பை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடப்பில் மரியாதையான முடிவு மட்டும் இருக்கும். சண்டை முழுக்கக் குறிப்பில். கீழ்நிலை அதிகாரி மூன்று வழி எழுதியிருப்பார், ஆலோசகர் இரண்டாவதுதான் சரி என்று ஒரு பக்கம் வாதாடியிருப்பார், மேலே உள்ளவர் ஒரே வரியில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருப்பார். அந்தச் சுருக்கொப்பங்களை அடையாளம் காண ஒரு தனித்தாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷத்து அரசு அதிகாரிகள் பட்டியல் அச்சுப் புத்தகமாகக் காப்பக நூலகத்திலேயே இருக்கும், பதவியையும் எழுத்தையும் ஒப்பிட்டால் ஆள் யார் என்று பிடிபட்டுவிடும்.

வரைவுக் கடிதம் கிடைத்தால் புதையல் என்றே சொல்வேன். மேலே அனுப்பிய வரைவில் எந்த வரி அடிக்கப்பட்டது, ஓரத்தில் என்ன சேர்க்கப்பட்டது என்று பாருங்கள். அனுப்பிய கடிதத்தோடு பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடித்த வரியில்தான் அவர்கள் வெளியே சொல்ல விரும்பாதது இருக்கும்.

கடிதத்தின் வகையையும் பார்க்க வேண்டும். அலுவல் கடிதம் 'ஐ ஆம் டைரக்டட்' என்று தொடங்கும், அதில் பேசுவது அரசாங்கம். 'மை டியர்' என்று பெயர் சொல்லித் தொடங்கினால் அது டி.ஓ., நேர்முகக் கடிதம். அதில் பேசுவது மனிதர். ஆலோசகர்கள் மனம்விட்டு எழுதியதெல்லாம் பெரும்பாலும் டி.ஓ.வில்தான். அதே ஆள் ஒரே வாரத்தில் அலுவல் கடிதத்தில் "பரிசீலிக்கலாம்" என்றும் டி.ஓ.வில் "இது நடக்காது" என்றும் எழுதியிருக்கக்கூடும். இரண்டில் ஒன்றைப் பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டும் வேறு வேறு ஆட்களுக்காக எழுதப்பட்டவை. கோப்பின் கடைசியில் 'கீப் வித்' என்று தனியாகக் கட்டிய தாள்கள் இருந்தால் அவற்றையும் புரட்டுங்கள்.

திருவிதாங்கூர்க் கோப்புகளில் தேதிதான் முதல் கண்ணி. கொல்லம் ஆண்டு. நம் வீட்டுப் பழைய பிரமாணங்களில் (பத்திரங்களில்) பார்த்திருப்பீர்கள். சிங்க மாதம், அதாவது ஆகஸ்ட் நடுவில், புது வருஷம் பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, கொல்லம் ஆண்டோடு ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை 825. கொல்லம் 1117 கும்ப மாதத்துக் கடிதம் என்றால் 1942 பிப்ரவரி-மார்ச், ரங்கூன் விழுகிற நேரம். 1118 சிங்கம் என்றால் அதே 1942-ன் ஆகஸ்ட்-செப்டம்பர். நான் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 825 கூட்டி, காரணத்தைக் காரியத்துக்கு ஒரு வருஷம் பின்னால் வைத்துப் பத்துப் பக்கம் எழுதி, பிறகு அத்தனையையும் திருத்தினேன்.

காசும் அப்படித்தான். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு பணத்துக்கு 4 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. பிரிட்டிஷ் ரூபாய் மட்டும் 28 சக்கரம் 8 காசு. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் லட்சக்கணக்கில் நெல் விலை பேசும் கடிதத்தில் எந்த ரூபாய் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு உதைக்கும். அளவையில் இன்னும் மோசம். தில்லிக்காரர்கள் மணங்கு என்றால் 40 சேர், சுமார் 37.3 கிலோ. மதராஸ் மணங்கு 25 பவுண்டு, அதாவது 11 கிலோவும் கொஞ்சமும். நம் ஆட்கள் கோட்டை, மரக்கால் என்று எழுதியிருப்பார்கள், வடக்கே போகப் போகப் பறை, இடங்ஙழி. மூன்று பேரும் ஒரே நெல்லைப் பற்றிப் பேசுகிற கடிதத் தொடரில் எண்ணை மட்டும் பெயர்த்தெழுதினால் விபரீதம். அளவையின் பெயரோடு அப்படியே எழுதுங்கள், மாற்றுவதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

காப்பகத்துக்குப் போகும் நாளுக்கு சில சின்ன விஷயங்கள். ஆதார் நகல், போட்டோ, என்ன விஷயத்தைத் தேடுகிறீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம். கல்லூரியோ நூலகமோ தரும் அறிமுகக் கடிதம் இருந்தால் வேலை சுலபம். எழும்பூருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். விரலை எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அந்தத் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். மொபைலில் படம் எடுக்கலாமா, கட்டணம் என்ன என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுக்கும்போது முதலில் கோப்பின் மேலட்டை, துறை, பிரிவு, வருஷம், எண் தெரிகிற மாதிரி ஒரு படம். அப்புறம்தான் உள்ளே. மேலட்டைப் படம் இல்லாத இருநூறு படங்கள் மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எதுவும் சொல்லாது.

காப்பக ஊழியர்களிடம் பேசுங்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு மூத்த ஊழியர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "சாரே, நாகர்கோயில்னு நோக்கண்டா, நெல்லுன்னு நோக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு வாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. மலையாளக் கையெழுத்து படிக்கத் தெரியாவிட்டால் விளவங்கோட்டுப் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நம் மாவட்டத்தில் இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கோப்பு இல்லை என்று பதில் வந்தால் உடனே விட்டுவிட வேண்டாம். அரசாங்கமே பல கோப்புகளை ஆயுள் முடிந்ததும் அழித்துவிடும். நம் கலெக்டர் ஆபீஸ் காகிதங்களில் மூ.மு., ப.மு. என்று பார்த்திருப்பீர்கள், மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. நிரந்தர முடிவு என்று குறித்ததுதான் காலம் கடந்து நிற்கும். அப்படி அழிந்ததைத் தனிநபர் தொகுப்புகளில் தேடலாம். பெரிய பதவியில் இருந்தவர்கள் டி.ஓ. நகல்களை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். தில்லி தீன்மூர்த்தியில் நேரு நினைவு நூலகமாக இருந்து இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் என்று பெயர் மாறிய இடத்தில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, பி.என். ஹக்சர் போன்றவர்களின் காகிதங்கள் இருக்கின்றன. கால்டர் இந்திய வரிச் சீர்திருத்தம் பற்றி 1956-ல் அறிக்கை கொடுத்தார், 1957 பட்ஜெட்டில் நிதி அமைச்சர் டி.டி.கே. செல்வ வரியும் (வெல்த் டாக்ஸ்) செலவு வரியும் கொண்டுவந்தார். அந்த விவகாரத்தை ஒரு முனையில் தீன்மூர்த்தியிலும் மறுமுனையில் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் உள்ள கால்டர் காகிதங்களிலும் தேடலாம். ஃப்ரீட்மன் 1955-ல் தில்லிக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு பல பத்தாண்டுகள் அச்சேறாமலே கிடந்தது. மகலனோபிஸ் கடிதங்களுக்குக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் காப்பகம். வங்கி, நாணயம் என்றால் ரிசர்வ் வங்கிக்குப் புணேயில் சொந்தக் காப்பகம் உண்டு. 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி கதவை மூடியதைப் பற்றி யாராவது நம் பக்கத்திலிருந்து எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நெல்லில் ஆர்வமில்லாதவர்களுக்கு மணவாளக்குறிச்சி இருக்கிறது. அங்கே கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற தாது இருப்பதை ஜெர்மன்காரர் ஷோம்பர்க் 1909-ல் கண்டுபிடித்தார். 1946, 47-ல் அணுசக்திக்குத் தோரியம் வேண்டும் என்று உலகமே பார்த்த நேரத்தில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், தில்லி, லண்டன் மூன்று பக்கமும் அந்த மணலுக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேடும் முறை இதேதான், பொருளின் பெயரில் தொடங்கி பதிலைத் துரத்துவது.

பிந்தைய காலத்துக்கு வழி வேறு. 1993-ன் பொது ஆவணங்கள் சட்டப்படி மத்திய அரசின் இரகசியமல்லாத, 30 வருஷம் தாண்டி தேசியக் காப்பகத்துக்கு வந்துவிட்ட கோப்புகளை ஆராய்கிறவர்கள் பார்க்கலாம். காப்பகத்துக்கு இன்னும் வராமல் துறையிலேயே இருப்பதற்குத் தகவல் உரிமைச் சட்டம். 20 வருஷத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால் அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவு உங்கள் பக்கம், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் ஆகிய மூன்று விலக்குகள் மட்டும்தான் அப்போது நிற்கும். மனுவில் "எல்லாக் கடிதங்களும்" என்று கேட்டால் எதுவும் வராது. விஷயம், வருஷம், துறை, முடிந்தால் கோப்பு எண் எழுதி, குறிப்புக் கோப்பும் நடப்புக் கோப்பும் இரண்டும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள்.

கிடைத்ததை வைத்து எழுத உட்காருமுன், தேதி வரிசையில் ஒரு நோட்டில் எழுதுங்கள். இடப்பக்கம் யார் யாருக்கு எழுதினார், வலப்பக்கம் அதற்கு வந்த பதில். பதில் கிடைக்காத இடத்தில் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். என் நோட்டில் இன்னும் பதினொரு கட்டம் காலி. அதில் ஏழு, திருநெல்வேலி கலெக்டர் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டிய பதில்கள். அடுத்த மாதம் எழும்பூர் போக அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். ஆரல்வாய்மொழி எல்லை பற்றி யாராவது ஏற்கெனவே கோப்பு எண் குறித்து வைத்திருந்தால் சொல்லுங்கள், என்னிடம் உள்ள திருவனந்தபுரத்து எண்களை முழுசாகத் தருகிறேன்.